கம்பளி வேண்டாத ஊரில் பின்னல்

2016 ஜனவரி 31 அன்று சென்னையில், கொக்கி ஊசியால் பின்னிய ஒரு குரோஷா போர்வை விரிக்கப்பட்டது. அதன் பரப்பு 11,148.5 சதுர மீட்டர். நம் ஊர் மனைக் கணக்கில் ஐம்பது கிரவுண்டு. உலகின் மிகப் பெரிய குரோஷா போர்வை என்று கின்னஸ் அதைப் பதிவு செய்தது. சென்னையைச் சேர்ந்த சுபஸ்ரீ நடராஜன் முகநூல் வழியே ஒன்று சேர்த்த ‘மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்’ என்ற குழு அதைப் பின்னியது. இந்தியாவின் பல ஊர்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் பெண்கள் துண்டு துண்டாகப் பின்னி அனுப்பியதை இணைத்து உருவான போர்வை அது. மார்கழிக் குளிரிலும் வெப்பநிலை 20 டிகிரிக்கு வெகு கீழே இறங்காத, மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஒரு நகரத்தில் இது நடந்தது என்பதுதான் யோசிக்க வைக்கிறது. கம்பளியும் ஸ்வெட்டரும் அன்றாடத் தேவையாக ஒருபோதும் இருந்திராத மயிலாப்பூரிலும் தி.நகரிலும் அடையாறிலும் பெண்கள் ஏன் பல தலைமுறைகளாக ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருக்கிறார்கள்? பொழுதைப் போக்கத்தான் என்பது வழக்கமாகக் கிடைக்கும் பதில். அந்தப் பதில் போதாது என்பது என் வாதம். போதாததோடு, ஊசியை நம்பிப் பிழைக்கும் வேறு பெண்களுக்கு அது தீங்கும் செய்கிறது. பொழுதுபோக்காகப் பின்னுவது தேர்ந்த அறிவும் உழைப்பும் கலந்த வேலை. அதை அப்படி மதிக்கக் கற்றால்தான் கூலிக்குப் பின்னும் பெண்ணின் உழைப்புக்கும் உரிய விலை கிடைக்கும்.

இந்தக் கலை நமக்கு அந்நியமானது என்ற எண்ணத்தை முதலில் பரிசீலிக்க வேண்டும். இந்தியா முழுவதும் கடைகளில் கிடைக்கும் ‘போனி’ நிட்டிங் ஊசிகளும் குரோஷா ஊசிகளும் நீலகிரியில், கேத்தியை ஒட்டிய ஆலையில் உருவாகின்றன. இங்கிலாந்து ஊசித் தொழிலின் துணையோடு 1949-இல் தொடங்கப்பட்ட நீடில் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தின் ஆலை அது. அங்கிருந்து ஊசிகள் பல நாடுகளுக்கும் போகின்றன. பருத்தி நூலுக்கும் வெளியே தேட வேண்டியதில்லை. 1892-இல் மதுரையில் ஆலை தொடங்கிய ஹார்வி சகோதரர்களின் தொழில், பின்னாளில் மதுரா கோட்ஸ் ஆனது. பூவேலைக்கும் குரோஷாவுக்கும் ஏற்ற ‘ஆங்கர்’ நூல் அந்தக் குழுமத்தின் வழியாகத்தான் தமிழ்நாட்டு வீடுகளுக்குப் பரவலாக வந்தது. வெயில் இந்தக் கலையை விரட்டிவிடவில்லை, தனக்கேற்ப மாற்றிக்கொண்டது. வட இந்தியாவில் இரண்டு ஊசி கொண்டு கம்பளி நூலில் ஸ்வெட்டர் பின்னும் நிட்டிங் ஓங்கியது. சென்னையில் ஒற்றைக் கொக்கி ஊசி கொண்டு பருத்தி நூலில் பின்னும் குரோஷா ஓங்கியது. நிட்டிங்கில் ஒரு வரிசையின் கண்ணிகள் அனைத்தும் ஒரே சமயத்தில் ஊசியில் காத்திருக்கும். ஊசி நழுவினால் வரிசை முழுவதும் அவிழும். குரோஷாவில் பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணிதான் உயிரோடு இருக்கும். அதனால் நடுவில் வைத்துவிட்டு எழுந்து போகலாம், எந்தத் திசையிலும் திரும்பலாம், உருண்டையாகவும் கூம்பாகவும் வளர்க்கலாம். வீட்டு வேலைகளுக்கு நடுவே கிடைக்கும் அரை மணி நேரத்துக்கு இது பொருந்தியது. மேசை விரிப்பு, தொலைக்காட்சிப் பெட்டிக்கு உறை, நிலைவாசலுக்குத் தோரணம், நவராத்திரிக் கொலுவுக்குப் பொம்மை, டெல்லியிலோ அமெரிக்காவிலோ இருக்கும் பேரக்குழந்தைக்குக் குல்லா என்று சென்னையின் பின்னல் தனக்கான தேவைகளைத் தானே உண்டாக்கிக்கொண்டது.

இந்த வளர்ச்சிக்கு ஒரு முன்கதை உண்டு. அதைச் சொல்லாமல் இன்றைய நிலை விளங்காது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவருடைய மகள் எலைசா 1844-இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது அந்தக் கலையும் உடன் போனது. அது குரோஷா இல்லை, திண்டில் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் வேலை. ஆனால் அது தொடங்கிவைத்த சமூக ஏற்பாடு குரோஷாவுக்கும் பொருந்தும். நாகர்கோவிலில் அடிமைநிலையில் இருந்த சில பெண்கள் லேஸ் பின்னிய வருமானத்தால் தங்கள் விடுதலையை வாங்கினார்கள் என்று மிஷன் பதிவுகள் சொல்கின்றன. கடற்கரை ஆந்திரத்தில் நரசாபுரத்துக்கும் மிஷனரிகள் வழியாகவே குரோஷா லேஸ் வந்தது. ஏழைப் பெண்ணுக்கு அது பிழைப்பு. அதே ஊசி நகரத்து வசதியான வீடுகளுக்குள் நுழைந்தபோது வேறு பொருள் பெற்றது. படித்த குடும்பத்துப் பெண்ணின் நளினத்துக்கு அடையாளமாக, கல்யாணத்துக்கு முன் கற்றிருக்க வேண்டியவற்றில் ஒன்றாக ஆனது. 1917-இல் அடையாறில் தொடங்கிய இந்திய மாதர் சங்கமும், பிறகு 1956-இல் வித்யா மந்திர் பள்ளியை நிறுவிய மயிலாப்பூர் மாதர் கழகமும் பெண்கள் வீட்டுக்கு வெளியே கூடிக் கற்பதை இந்த நகரத்தில் இயல்பாக்கின. இப்படி ஒரே ஊசி இரண்டு வரலாறுகளைச் சுமக்கத் தொடங்கியது. ஒன்று கூலியின் வரலாறு, மற்றது ஓய்வின் வரலாறு. இரண்டும் சந்திக்காதவை என்றுதான் நாம் நினைத்துவந்திருக்கிறோம்.

அவை எங்கே சந்திக்கின்றன என்பதைக் காட்டியவர் ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ். 1970-களின் இறுதியில் நரசாபுரத்தில் ஆய்வு செய்து, அங்கே உலகச் சந்தைக்காக லேஸ் பின்னும் பெண்களைப் பற்றி 1982-இல் அவர் வெளியிட்ட நூல் பெண்கள் உழைப்பு பற்றிய ஆய்வுகளில் இன்றும் பேசப்படுகிறது. அவர் கண்டது இதுதான். பெண்கள் நாள்தோறும் பல மணி நேரம் குரோஷா பின்னினார்கள். அந்த லேஸ் தரகர்கள் கைமாறி ஏற்றுமதியானது. வணிகமும் லாபமும் ஆண்களிடம் இருந்தன. பெண்களுக்குக் கிடைத்த கூலியோ பிழைப்புக்கே போதாதது. இவ்வளவு பெரிய தொழில் கண்ணில் படாமலே நடந்ததற்குக் காரணம், அந்தப் பெண்களைத் தொழிலாளர்களாக யாரும் எண்ணாததுதான். அவர்கள் குடும்பத் தலைவிகள், வீட்டு வேலை முடிந்தபின் மிஞ்சும் நேரத்தைப் பயன்படுத்துகிறார்கள் என்றே கருதப்பட்டது. மிஞ்சிய நேரத்தில் செய்தது என்று சொல்லிவிட்டால் அதற்குக் கூலி கேட்பதே மிகையாகிவிடுகிறது. வெளியே போய் வேலை செய்வது கௌரவக் குறைவு என்று எண்ணிய குடும்பங்களில் இந்தக் கட்டு இன்னும் இறுகியது. ஆக, பின்னலை ஓய்வாகப் பார்க்கும் பார்வை மயிலாப்பூர் வரவேற்பறையோடு நின்றுவிடுவதில்லை. நரசாபுரத்தில் ஒரு பெண்ணின் கூலியைத் தீர்மானிக்கும் இடம் வரைக்கும் அது போகிறது. 2024-இல் நரசாபுரம் குரோஷா லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் குறியீடு ஊரின் பெயரைத்தான் காக்கும். பின்னியவரின் மணிக்கணக்கை மதிக்கும் பழக்கம் வாங்குபவரிடம் உருவாக வேண்டும்.

அந்த மதிப்பு உருவாக, பின்னலில் இருப்பது கைப்பழக்கம் மட்டும்தானா என்ற கேள்வியை நேராக எதிர்கொள்ள வேண்டும். ஒரு குரோஷா பேட்டர்ன் என்பது சுருக்கக் குறிகளால் எழுதப்பட்ட கட்டளைத் தொடர். இத்தனை செயின் போடு, இந்தக் கண்ணியில் இரண்டு முறை குத்து, இந்த வரிசையை ஆறு முறை திரும்பச் செய் என்று அது போகும். அதைப் படிப்பவர் சமதளத்தில் எழுதிய குறிகளிலிருந்து முப்பரிமாண உருவத்தை மனத்தில் எழுப்புகிறார். ஒவ்வொரு சுற்றிலும் சம அளவில் கண்ணி கூட்டினால் தட்டை வட்டம் வரும், கூட்டுவதை நிறுத்தினால் குழல் எழும்பும், குறைத்தால் குவியும். கண்ணிகளை விகித முறையில் பெருக்கிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதை, 1997-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகக் கணிதவியலாளர் டைனா தைமினா காட்டினார். மாணவர்களுக்குக் காகிதத்தில் செய்து காட்ட முடியாமல் கிழிந்துபோன, தட்டையாகாமல் மடிப்பு மடிப்பாக விரியும் ஹைபர்போலிக் தளத்தை அவர் குரோஷாவில் பின்னினார். கையில் எடுத்து மடித்துப் பார்க்கக்கூடிய, உறுதியான மாதிரி உருவானது. வெர்தைம் சகோதரிகள் 2005-இல் தொடங்கிய குரோஷா பவளப்பாறைத் திட்டம் அதே கணிதத்திலிருந்து வளர்ந்தது. பலவகைப் பவளங்களும் கடற்பாசிகளும் அந்த வடிவத்தில்தான் சுருள்கின்றன. பெண்களின் கைவேலையில் கணிதத்தைக் காண்பது சென்னைக்குப் புதிதும் அல்ல. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974-இலேயே கோலத்தை முறைசார் இலக்கணமாக ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். வாசலில் புள்ளி வைத்த பெண்கள் அந்த இலக்கணத்தைப் பெயரில்லாமல் அறிந்திருந்தார்கள். ஒயர் கூடை பின்னுபவர்களும் குரோஷாக்காரர்களும் இன்று அதே நிலையில் இருக்கிறார்கள். அறிவு இருக்கிறது, அதை அறிவென்று சொல்லும் சபைதான் இல்லை.

அந்தக் குறையைப் பின்னல் குழுக்கள் ஓரளவு நிரப்புகின்றன. குழுவின் பங்கு ஊக்கம் தருவதோடு முடிவதில்லை; தரத்தை நிறுவுவதும் அதுவே. ஐம்பது கிரவுண்டுப் போர்வையை எடுத்துக்கொள்வோம். வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு கைகள் பின்னிய துண்டுகள் ஒரே அளவில் பொருந்தினால்தான் அவற்றை இணைக்க முடியும். ஒருவர் கை இறுக்கும், மற்றவர் கை தளர்த்தும்; ஒரே ஊசி, ஒரே நூல், ஒரே கண்ணிக் கணக்கு என்றாலும் அளவு மாறும். அதனால் தேர்ந்த பின்னல்காரர் முதலில் ஒரு சிறு துண்டு பின்னி, ஓர் அங்குலத்துக்கு எத்தனை கண்ணி விழுகிறது என்று எண்ணிப் பார்த்து ஊசியின் அளவை மாற்றுவார். தன் கையின் இயல்பை அளந்து திருத்திக்கொள்ளும் இந்த ஒழுக்கத்தைப் புத்தகம் சொல்லிவிடலாம். பழக்குவது கூட இருப்பவர்தான். தவறிய கண்ணியைக் கண்டுபிடிப்பது, அவிழ்க்க வேண்டிய இடத்தையும் அப்படியே விட்டுச் சமாளிக்கக்கூடிய இடத்தையும் பிரித்தறிவது, நூலின் முறுக்கைத் தொட்டே உணர்வது எல்லாம் கையிலிருந்து கைக்குப் போகிற அறிவு. ஒரு காலத்தில் பாட்டியும் அத்தையும் பக்கத்து வீட்டு மாமியும் செய்த வேலை இது. கூட்டுக் குடும்பங்கள் அடுக்ககங்களாகப் பிரிந்த பிறகு அந்தச் சங்கிலி அறுந்தது. அறுந்த இடத்தில் குழுக்கள் வந்தன. குழுவாகப் பின்னுவதன் பயனைப் பற்றி அளவீடும் உண்டு. உலகெங்கும் 3,545 பின்னல்காரர்களிடம் நடத்திய ஒரு கணக்கெடுப்பு 2013-இல் பிரிட்டிஷ் ஆக்குபேஷனல் தெரபி இதழில் வெளியானது. அடிக்கடி பின்னுகிறவர்கள் மன அமைதியை அதிகம் உணர்வதாகச் சொன்னார்கள். குழுவில் பின்னுகிறவர்கள் மகிழ்ச்சியும் பிறரோடு பழகும் இயல்பும் கூடியதாகச் சொன்னார்கள். ஏற்கெனவே பின்னலை விரும்புகிறவர்களே பதில் சொன்னதால் இதை மருத்துவ நிரூபணமாகக் கொள்ளக் கூடாது. ஆனாலும் தனியே பின்னுவதும் கூடிப் பின்னுவதும் ஒன்றல்ல என்பதற்கு இது நல்ல சான்று.

சாதனைகளைக் குறித்து நியாயமான ஒரு மறுப்பு உண்டு. மாபெரும் போர்வை என்பது வெறும் காட்சி, நூலை வீணாக்கும் வேலை, அதிலும் அக்ரிலிக் நூல் மக்காத பிளாஸ்டிக் என்று சொல்வார்கள். அக்ரிலிக் பற்றிய பகுதியை நான் அப்படியே ஏற்கிறேன். பருத்தி விளையும் மாநிலத்தில், பருத்தி நூலை உருட்டும் ஆலைகள் உள்ள மாநிலத்தில், விலை குறைவு என்பதற்காக மட்டும் அக்ரிலிக்கைத் தேர்வது நல்ல பழக்கம் இல்லை. சாதனை நிலைக்காது என்பதும் உண்மை. தென்னாப்பிரிக்காவில் நெல்சன் மண்டேலாவின் நினைவாக இயங்கும் ‘67 பிளாங்கெட்ஸ்’ இயக்கம் பிறகு 17,000 சதுர மீட்டரைத் தாண்டிய போர்வையை விரித்துச் சென்னையின் எண்ணைக் கடந்தது. ஆனால் அந்த இயக்கத்தையே பாருங்கள். அதன் போர்வைகள் பிரிக்கப்பட்டுக் குளிர்காலத்தில் ஏழைகளுக்குப் போகின்றன. சாதனை நாள் என்பது மாதக்கணக்கில் நடந்த கொடைக்கு முகப்பு. எண்ணுக்காகக் கூடியவர்கள் எண் போன பிறகும் சேர்ந்திருக்கிறார்களா, புதியவர்களுக்குக் கற்றுத் தருகிறார்களா என்பதே சரியான அளவுகோல். ஒரு சாதனை தானாக நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை.

வெயில் ஊருக்குப் பின்னல் எதற்கு என்ற மறுப்பு இதைவிட ஆழமானதாகத் தோன்றும். உற்றுப் பார்த்தால் வெயிலே சில பின்னல்களைத் தேவையாக்குகிறது. மார்பகப் புற்றுநோய்க்காக மார்பை அகற்றிக்கொண்ட பெண்கள் அணியும் செயற்கை மார்பகம் வழக்கமாக சிலிக்கோனால் ஆனது. விலை கூடியது, கனமானது, வியர்வையில் உறுத்துவது. பருத்தி நூலில் பின்னி உள்ளே பஞ்சு அடைத்த மாற்று லேசானது, காற்றோட்டமானது, துவைத்துக் காயவைக்கக்கூடியது. அமெரிக்காவில் 2011-இல் தொடங்கிய ‘நிட்டட் நாக்கர்ஸ்’ இயக்கம் இவற்றைப் பின்னி இலவசமாகத் தருகிறது. இந்தியாவில் மும்பையை மையமாகக் கொண்டு தன்னார்வலர்கள் இதைச் செய்கிறார்கள். சென்னைப் பெண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய்தான். முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் நிறுவிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இருக்கும் நகரத்தில், பருத்தி குரோஷா தெரிந்த கைகளுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை குறைவு. குறைமாதக் குழந்தைகளின் நிலையும் இப்படித்தான். பெரியவர்கள் வியர்க்கும் அறையிலும் அந்தக் குழந்தைகளின் உடல் வெப்பம் தலைவழியே இறங்கும். தாயின் மார்போடு அணைத்துவைக்கும் கங்காரு பராமரிப்பில் குழந்தைக்குக் குல்லாவும் காலுறையும் அணிவிக்க உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. உள்ளங்கை அளவுத் தலைக்கு ஏற்ற மென்மையான பருத்திக் குல்லா ஒரு மாலையில் பின்னி முடிகிற பொருள்.

இயந்திரம் இருக்க கை எதற்கு என்பது மூன்றாவது மறுப்பு. திருப்பூர் இருக்கும் மாநிலத்தில் இந்தக் கேள்விக்குக் கனம் அதிகம். இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பெரும்பங்கு அங்கிருந்து போகிறது. ஒருவர் வாரக்கணக்கில் பின்னுவதை வட்டப் பின்னல் இயந்திரம் நிமிடங்களில் முடித்துவிடும். நிட்டிங்குக்கு இயந்திரம் வந்து நான்கு நூற்றாண்டுகள் ஆகின்றன. இங்கிலாந்தில் வில்லியம் லீ 1589-இல் முதல் பின்னல் இயந்திரத்தை உருவாக்கினார். ஆனால் குரோஷாவின் கதை வேறு. கண்ணிக்குள் கண்ணியாக எந்தத் திசையிலும் கொக்கி புகுந்து வரும் அசைவை வணிக அளவில் செய்யும் இயந்திரம் இன்றுவரை சந்தைக்கு வரவில்லை. குரோஷா போலத் தோன்றும் ஆலைத் துணி வேறு வகைப் பின்னல்தான். இதன் விளைவை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. கடையில் சில நூறு ரூபாய்க்குத் தொங்கும் உண்மையான குரோஷா மேலாடை ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் கையால் பின்னியிருக்கிறார். விலை அவ்வளவு குறைவு என்றால் அந்தக் கைக்குக் கிடைத்தது எவ்வளவு என்று கணக்கிடக் கல்வி தேவையில்லை, ஒரு முறையாவது பின்னிப் பார்த்திருக்க வேண்டும். பொழுதுபோக்காகப் பின்னுகிறவருக்குக் கிடைக்கும் மிக முக்கியமான அறிவு இதுதான். ஒரு சதுர அடிக்கு எத்தனை மணி நேரம் என்பது அவர் விரல்களுக்குத் தெரியும்.

இதிலிருந்துதான் கடைசி மறுப்பும் எழுகிறது. வீட்டில் வேலையாள் உள்ள, நேரமும் நூல் வாங்கப் பணமும் உள்ள வகுப்பினரின் இன்பம் இது. இதை அறிவென்றும் சமூகமென்றும் உயர்த்திப் பேசலாமா? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. ஓய்வு நேரம் இந்த நகரத்தில் சமமாகப் பங்கிடப்படவில்லை. மயிலாப்பூர் மாடியில் ஒரு பெண் பின்னும் அதே வேளையில், அந்த வீட்டுப் பாத்திரத்தைத் துலக்கிய பெண் அடுத்த வீட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறார். ஆனால் ஓய்வு சிலருக்கே கிடைக்கிறது என்பதால் அந்த ஓய்வில் பிறக்கும் திறமை பொய்யாகிவிடாது. திறமையுள்ளவருக்கு அது ஒரு பொறுப்பைத் தருகிறது. அந்தப் பொறுப்பு விலையில் தொடங்குகிறது. பொழுதுபோக்காகப் பின்னுபவர்களில் பலர் கண்காட்சிகளிலும் தெரிந்தவர்களிடமும் விற்கத் தொடங்குகிறார்கள். நூல் காசு வந்தால் போதும், நேரம் நம்முடையதுதானே என்று தாராளமாக விலை வைக்கிறார்கள். அந்தத் தாராளம் வாங்குபவர் மனத்தில் ஒரு விலையைப் பதித்துவிடுகிறது. அடுத்து கூலிக்குப் பின்னும் பெண் தன் பொருளோடு வரும்போது அந்த விலையோடுதான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. மரியா மீஸ் நரசாபுரத்தில் கண்ட அநீதிக்கு ஓய்வில் பின்னுகிறவர்கள் தாங்களே அறியாமல் துணை போகும் இடம் இது.

ஆகவே பின்னல் குழுக்கள் தங்களுக்கென்று மூன்று வழக்கங்களை ஏற்படுத்திக்கொள்ள வேண்டும் என்று கருதுகிறேன். விற்பதென்றால் நூலின் விலையோடு செலவிட்ட மணி நேரத்தையும் எழுதி, அதற்கான கூலியைச் சேர்த்து விலை சொல்ல வேண்டும்; அந்த விலைக்கு விற்க மனமில்லையென்றால் பரிசாகக் கொடுத்துவிடலாம், குறைத்து விற்கக் கூடாது. பேட்டர்னை உருவாக்கியவரின் பெயரை ஒவ்வொரு பொருளோடும் சொல்ல வேண்டும். கோலம் போட்ட பெண்களின் பெயர்கள் காலத்தில் கரைந்ததுபோல இவர்களின் பெயர்களும் கரைய விடக் கூடாது. கற்பித்தலை அடுக்ககத்துக்கு வெளியே, மாநகராட்சிப் பள்ளிகளுக்கும் சுய உதவிக் குழுக்களுக்கும் கொண்டுபோக வேண்டும். அங்கே கற்பவருக்கு ஊசியோடு விலைக்கணக்கும் சேர்த்துக் கற்றுத்தர வேண்டும். ஐம்பது கிரவுண்டுப் போர்வையைப் பின்னி இணைத்த ஒழுங்கும் உழைப்பும் கொண்டவர்களுக்கு இவை எட்டாத காரியங்கள் இல்லை. ஒரு கண்ணியின் பெறுமானம் அதைப் பின்னிய நேரத்தில் இருக்கிறது என்பதை இந்த நகரத்தில் வேறு எவரையும்விட நன்றாக அறிந்தவர்கள் அவர்கள். அதை உரக்கச் சொல்லும் உரிமையும் கடமையும் அவர்களுடையவையே.